தேயிலை மலையில் பிஸ்கோத்து வந்த கதை



தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே கேமரன் மலைத் தோட்டங்களின் லயங்களில் ஒரு வாசனை கிளம்பிவிடும். முறுக்குப் பொரியும் எண்ணெயின் வாசனை ஒரு பக்கம்; அதிரசப் பாகின் வாசனை இன்னொரு பக்கம். இவற்றுக்கு நடுவே நெய்யும் சீனியும் கோதுமை மாவும் சூட்டில் ஒன்றாகி எழுப்பும் வாசனை ஒன்றும் வரும். அதுதான் நெய் பிஸ்கட். சிலர் அதைச் சூஜி பிஸ்கட் என்பார்கள். பாட்டிமார் பிஸ்கோத்து என்பார்கள்.

முறுக்கும் அதிரசமும் நம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. ஆனால் இந்தப் பிஸ்கோத்து எங்கிருந்து வந்தது? துரை பங்களாவின் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்த பண்டம், கவாத்துக் குச்சி எரியும் நம் அடுப்படிக்கு எப்படி இறங்கி வந்தது? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி இதுதான். சின்னப் பண்டந்தானே, இதில் என்ன சரித்திரம் என்று தோன்றலாம். சரித்திரம் அரண்மனையில் மட்டும் இருப்பதில்லை. பலகார டின்னைத் திறந்து பார்த்தால் அதற்குள்ளும் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘பிஸ் கோக்துஸ்’ என்றால் இரண்டு முறை சுடப்பட்டது என்று பொருள். முற்காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் போகிறவர்களுக்கு ரொட்டி கெடாமல் இருக்க வேண்டியிருந்தது. ஒருமுறை சுட்ட ரொட்டியில் ஈரம் தங்கியிருக்கும். நாலைந்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அதை மறுபடியும் சூட்டில் வைத்து உலர்த்தினார்கள். கல்லைப் போல ஆகிவிடும், ஆனால் கெடாது. அந்தக் கப்பல் ரொட்டிதான் பிஸ்கோத்தின் மூத்த தலைமுறை. சுவைக்காகச் செய்யப்பட்டதன்று, பசிக்காகச் செய்யப்பட்டது.

அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் முதல்வர்கள் போர்த்துக்கீசியர்கள். 1511ஆம் ஆண்டு அவர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். அதே காலத்தில் தமிழகக் கரையிலும் இலங்கையிலும் இறங்கினார்கள். அவர்கள் கோட்டைகள் இடிந்துவிட்டன. ஆனால் அவர்கள் சமையலறைச் சொற்கள் நம் வாயில் இன்னும் இருக்கின்றன. பிஸ்கோத்து அவர்கள் சொல். குசினி அவர்கள் சொல். யாழ்ப்பாணத்தார் ரொட்டியைப் பாண் என்பதும், அதைச் சுடும் பெரிய அடுப்பைப் போறணை என்பதும் அவர்கள் தந்தவையே. சொல் மட்டும் தனியாக வருவதில்லை, நேயர்களே. பண்டத்தைச் செய்த கையும், தின்று பார்த்த நாக்கும் சேர்ந்துதான் சொல்லைக் கொண்டுவருகின்றன.

இந்தியாவில் இன்னொரு கதை வழங்குகிறது. மேற்குக் கரையில் உள்ள சூரத் நகரத்தில் டச்சுக்காரர்கள் ஒரு ரொட்டிக்கடை வைத்திருந்தார்களாம். அவர்கள் நாட்டை விட்டுப் போனபோது கடையைத் தம்மிடம் வேலை பார்த்த ஒரு பார்சிக்காரரிடம் விட்டுச் சென்றார்களாம். உள்ளூர் மக்கள் அந்தப் பண்டங்களை வாங்கத் தயங்கினார்கள். மாவு பொங்குவதற்குக் கள் சேர்த்திருந்தார்கள், முட்டையும் சேர்த்திருந்தார்கள். கடைக்காரர் யோசித்தார். கள்ளை நீக்கினார், முட்டையை நீக்கினார், மாவு, நெய், சீனி மூன்றை மட்டும் வைத்துச் சுட்டார். அதுவே ‘நான்கட்டாய்’ என்று பெயர் பெற்றது என்பது வழக்கு. இலங்கையில் இதையே ஞானக்கத்தா என்கிறார்கள். நம் தீபாவளி நெய் பிஸ்கட்டைப் பாருங்கள்: முட்டை இல்லை, மாவு, நெய், சீனி. இது அந்த நான்கட்டாயின் நெருங்கிய உறவு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கேரளத்துத் தலைச்சேரியில் 1880இல் மம்பள்ளி பாப்பு என்பவர் ஒரு பிஸ்கோத்துத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பர்மாவில் வெள்ளைக்காரர்களுக்குப் பண்டங்கள் அனுப்பிப் பழகியவர் அவர். 1892இல் கல்கத்தாவில் 295 ரூபாய் முதலுடன் ஒரு சிறிய பிஸ்கோத்துத் தொழில் தொடங்கியது. அதுவே பிற்காலத்தில் பிரிட்டானியா என்ற பெரிய நிறுவனம் ஆயிற்று. ஆக, வெள்ளைக்காரன் பண்டத்தைச் செய்யும் தொழிலை இந்தியக் கைகள் மிக விரைவில் கற்றுக்கொண்டன.

இனி நம் மலைக்கு வருவோம்.

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பாகாங், பேராக் எல்லையில் உள்ள மலைத்தொடரை அளக்கப் போனார். அங்கே உயரத்தில் ஒரு பரந்த மேட்டுநிலம் இருப்பதாக அறிவித்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. வேடிக்கையைப் பாருங்கள்: அதே 1885இல்தான் அயர்லாந்தில் டப்ளின் நகரத்து ஜேக்கப் நிறுவனம் ‘கிரீம் கிராக்கர்’ என்ற பிஸ்கோத்தைச் செய்யத் தொடங்கியது. இன்று நம் வீடுகளில் காலைக் கோப்பியில் தோய்த்துத் தின்னும் நாலு மூலைப் பிஸ்கட்டின் மூதாதை அதுதான். மலையும் பிஸ்கட்டும் ஒரே ஆண்டில் புறப்பட்டன. ஒன்றையொன்று சந்திக்கப் பல காலம் ஆயிற்று.

ஏனென்றால், கேமரன் கண்டுவந்த பிறகு நாற்பது ஆண்டுகள் அந்த மலை பெரும்பாலும் காடாகவே கிடந்தது. ஓராங் அஸ்லி மக்களே அதன் குடிகள். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையைப் பார்வையிட்டு, அதை ஓய்வுத்தலமாக ஆக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து மலைமேல் சாலை போடும் வேலை தொடங்கியது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக நின்ற ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகியவர். ஒரு சாலை உருளையும் சில கோவேறு கழுதைகளும் கொண்டு காட்டைத் திருத்தினார்கள் என்று அந்தத் தோட்டத்தின் வரலாறு சொல்கிறது. உருளையையும் கழுதையையும் எண்ணியவர்கள், மண்வெட்டி பிடித்த கைகளை எண்ணி வைக்கவில்லை. அந்தக் கைகளில் நம் பாட்டன்மார், பாட்டிமார் கைகளும் இருந்தன.

அவர்களுக்கு என்ன கூலி? 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்களுக்கு வரையறுத்திருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எளிதில் போய்ச் சேர முடியாத உட்பகுதிகளில் சற்றுக் கூடுதல். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. இந்தக் கூலியில் அரிசி, பருப்பு, மிளகாய், உப்பு, துணி எல்லாம் வாங்க வேண்டும். ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும். நெய்யும் சீனியும் பிசைந்து பிஸ்கோத்துச் சுடுவதை யார் நினைத்திருக்க முடியும்?

ஆனால் அதே மலையின் பங்களாக்களில் பிற்பகல் நான்கு மணிக்கு மணி அடித்தாற்போலத் தேநீர் வந்தது. இந்தப் பிற்பகல் தேநீர் வழக்கம் இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியது. பெட்போர்டு சீமாட்டி ஆன்னா என்பவர் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே பசி தாங்காமல் தேநீரும் சிறு பண்டமும் வரவழைத்தார், தோழியரையும் கூப்பிட்டார், அதுவே நாகரிகமாகிவிட்டது என்பார்கள். இங்கிலாந்தில் ரெடிங் என்னும் ஊரில் 1822இல் தொடங்கிய ஹன்ட்லி பாமர்ஸ் நிறுவனம், காற்றுப் புகாத தகர டின்களில் பிஸ்கோத்தை அடைத்து உலகமெங்கும் அனுப்பியது. வெள்ளைக்கார ஆட்சி போன இடமெல்லாம் அந்த டின்னும் போயிற்று.

மலாயாவின் பங்களாக் குசினிகளில் ஹைனான் சீனச் சமையற்காரர்கள் பேர்பெற்றவர்கள். ‘ஸ்கோன்’ என்ற சின்ன ரொட்டியும், கேக்கும், வெண்ணெய்ப் பிஸ்கோத்தும் அவர்கள் கைப்பக்குவம். அங்கே வேலை பார்த்தவர்களில் நம்மவர்களும் உண்டு: தோட்டக்காரர், தண்ணீர் சுமப்பவர், பிள்ளை பார்க்கும் ஆயா. பங்களாவில் என்ன சுட்டார்கள், எப்படிச் சுட்டார்கள் என்ற சேதி இப்படிப்பட்டவர்கள் கண் வழியாகத்தான் லயத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். படித்துக் கற்ற வித்தை இல்லை இது, பார்த்துக் கற்றது.

இங்கே ஒரு நியாயத்தைக் கவனிக்க வேண்டும், நேயர்களே. பங்களா மேசையில் இருந்த தேநீர் யார் பறித்தது? மூங்கில் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் நனைந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய பெண்கள் பறித்தது. தேநீர் விருந்தின் முதல் பொருளை உண்டாக்கியவர்கள் அந்த விருந்துக்கு அழைக்கப்படவில்லை. அவர்கள் தேநீர் நேரம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, நின்ற நிலையில், சட்டிப் பானையிலிருந்து ஊற்றிக் குடித்த தேத்தண்ணீருடன் முடிந்தது. பிஸ்கோத்து லயத்துக்கு வந்த கதை, அழைக்கப்படாதவர்கள் தாங்களே ஒரு விருந்தை உண்டாக்கிக்கொண்ட கதை.

பல வீடுகளில் பிஸ்கோத்து முதலில் நோயாளியின் உணவாகத்தான் நுழைந்தது. காய்ச்சல் என்றால் சோறு கூடாது. ரொட்டியோ பிஸ்கட்டோ பாலில் தோய்த்துக் கொடு என்பது பெரியவர்கள் வாக்கு. அதற்கு ஏற்றது மேரி பிஸ்கட். 1874இல் ருஷ்ய இளவரசி மரியா ஆங்கிலேய இளவரசரை மணந்தபோது, லண்டன் நிறுவனம் ஒன்று அவர் பெயரால் செய்த பிஸ்கட் அது. இளவரசியின் கல்யாணப் பண்டம் கடைசியில் ஏழைவீட்டுக் காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது! காய்ச்சல் வந்தாலாவது பிஸ்கட் கிடைக்குமே என்று ஏங்கிய பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். இதைச் சொல்லும்போது சிரிப்பும் வருகிறது, நெஞ்சு கனக்கவும் செய்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அரிசி அரிதாயிற்று, கோதுமை மாவு கப்பலில் வந்தால்தானே உண்டு? வெள்ளைச் சீனி கண்ணில் படாத பொருளாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்கு நம் மக்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். கிழங்கைத் துருவி, பிழிந்து, உலர்த்தி மாவாக்கி, அதில் அடையும் பலகாரமும் செய்தார்கள். இல்லாமையில் செய்த அந்த வித்தையை இழிவாக எண்ணக்கூடாது. கோதுமை இல்லாமலே மாவைப் பண்டமாக்க அது கற்றுக்கொடுத்தது. இன்றும் மலாய், சீனச் சகோதரர்கள் செய்யும் பங்கிட் என்ற வெள்ளைப் பிஸ்கட்டுக்கு மரவள்ளி மாவும் தேங்காய்ப்பாலுமே உயிர். வாயில் போட்டதும் கரையும்.

போர் முடிந்து மூன்றே ஆண்டில் அவசரகாலம் வந்தது. 1948 முதல் 1960 வரை அது நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு விதித்தது. தோட்டத்து லயங்களும் முள்வேலிக்குள் அடைபட்டன. அரிசிக்கு அளவு, சோற்றைப் பொதுவில் சமைத்து வழங்கிய இடங்களும் உண்டு. டின் உணவு விற்றால் கடைக்காரர் அங்கேயே டின்னில் ஓட்டை குத்திக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டை விழுந்த டின் நாள்பட நிற்காது. ஒளித்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. கெடாமல் இருப்பதற்காகவே பிறந்தது பிஸ்கோத்து என்று சொன்னோம். கெடாத உணவே சந்தேகத்துக்குரிய பொருளாக ஆன காலம் அது. வேலைக்குப் போகும்போது கையில் உணவு எடுத்துப்போவதற்கும் கட்டுப்பாடு இருந்தது.

அந்தக் காலம் கடந்து, 1957இல் நாடு விடுதலை பெற்ற பிறகுதான் நம் அடுப்படிகளில் மாற்றம் தெரிந்தது. அதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடின.

முதலாவது, கடைப் பிஸ்கட் மலிவாயிற்று. 1958இல் ஜொகூர், பத்து பகாட்டில் ஹப் செங் நிறுவனம் தொடங்கியது. அந்த ஊரே பிஸ்கட்டுக்குப் பேர்போனதாயிற்று. உள்நாட்டிலேயே கிரீம் கிராக்கர் கிடைத்தது. கடைகளில் பெரிய நாலுசதுர டின்னில் இருந்து நிறுத்துக் கொடுப்பார்கள். தீர்ந்த டின்னைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் பலகாரம் வைப்பது ஒரு பெருமை.

இரண்டாவது, மாவு. நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை, வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். 1960களில் லூமுட் முதலிய துறைமுக ஊர்களில் மாவு ஆலைகள் எழுந்தன. கோதுமையாக இறக்குமதி செய்து இங்கேயே அரைத்தார்கள். தோட்டத்துக் கடையில் மாவு எப்போதும் கிடைக்கும் பொருளாயிற்று.

மூன்றாவது, அண்டை வீடு. இதுவே முக்கியமானது. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பம் தட்டில் பண்டம் அனுப்பும். சீனப் புத்தாண்டுக்குக் கடைக்காரத் தவுக்கே அனுப்புவார். தீபாவளிக்கு நாம் திருப்பி அனுப்புவோம். வெறுந்தட்டைத் திருப்பக்கூடாது என்பது நம் முறை. இப்படித் தட்டு போய்வந்த வழியில் செய்முறையும் போய்வந்தது. நிலக்கடலையை வறுத்துப் பொடித்து எண்ணெயில் பிசையும் கடலைப் பிஸ்கட் சீனர் வீட்டிலிருந்து வந்தது. பஹுலு என்ற முட்டைக் கேக் மலாய் வீட்டிலிருந்து வந்தது. நம் அச்சுமுறுக்கை அவர்கள் ‘ரோஸ்’ பலகாரம் என்று தங்கள் பெருநாளில் வைத்துக்கொண்டார்கள். மலாக்காவின் போர்த்துக்கீசிய வமிசத்தார் கல்யாணத்துக்குச் செய்யும் சூஜி கேக்கில் இருப்பது நம் ரவை. சூஜி என்பது ரவைக்கு வடஇந்தியர் சொல்லும் பெயர். யார் யாருக்குக் கொடுத்தார் என்று கணக்குப் பார்த்தால் முடியாது. எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு தடை இருந்தது. நம் சமையலில் ஆவியில் வேகவைப்போம், கல்லில் சுடுவோம், எண்ணெயில் பொரிப்போம். நாலு பக்கமும் மூடிய சூட்டில் வைத்துச் சுடும் அடுப்பு நம் வீடுகளில் கிடையாது. இருந்தாலும் நம் மொழி வழி விட்டது. பொரிப்பதையும் ‘முறுக்குச் சுடுகிறோம்’ என்றுதானே சொல்கிறோம்? பிஸ்கோத்தும் சுடப்படும் பண்டமாகச் சிரமமில்லாமல் சேர்ந்துகொண்டது.

அடுப்புக்கு என்ன செய்தார்கள்? பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடேற்றினார்கள். மணல்மேல் பிஸ்கட் தட்டு. சட்டியின்மேல் தகர மூடி. மூடியின்மேல் தணல். கீழே நெருப்பு, மேலே நெருப்பு, நடுவில் மாவு. பஹுலு சுடும் பித்தளை அச்சுக்கும் இதே முறைதான். மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்து உள்ளே தட்டுப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் விறகுக்குக் குறையில்லை. கவாத்து வெட்டிய குச்சி நின்று எரியும், தணலும் நன்றாக விழும். சூடு சரிதானா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே வைப்பார்கள். மெல்ல மெல்லப் பழுப்பானால் பதம். கருகினால் தணலைக் குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டின் வெப்பமானி அது.

இந்த வித்தை நம் பெண்களுக்கு விரைவில் கைவந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். பச்சை இலையை வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், நிறம் மாறும்படி பரப்பிவைக்கிறார்கள், கடைசியில் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் மிச்சம் இருக்கும். நன்றாகச் சுட்ட பிஸ்கட்டிலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் கீழேதான் ஈரம் இருக்கும். இரண்டுமே நீரை வெளியேற்றிச் சுவையை உள்ளே நிறுத்தும் தொழில். இரண்டிலும் சூடு கூடினால் கருகல், குறைந்தால் நமுத்துப்போகும். இரண்டையும் ஆறியபிறகு காற்றுப் புகாமல் அடைக்காவிட்டால் பட்ட பாடு வீண். மலையின் பனிக்காற்று திறந்துவைத்த பிஸ்கட்டை ஒரே இரவில் மெத்தென்று ஆக்கிவிடும். இதை மலைக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நெய் பிஸ்கட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். கோதுமை மாவு 400 கிராம். நெய் 220 கிராம். பொடித்துச் சலித்த சீனி 180 கிராம். ஒரு சிட்டிகை உப்பு, கால் தேக்கரண்டி சோடா உப்பு, விருப்பமானால் ஏலக்காய். மாவை வெறுஞ்சட்டியில் இளஞ்சூட்டில் நிறம் மாறாமல் வறுத்து, நன்றாக ஆறவிட்டுச் சலிக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, உருட்டினால் பிடிக்கும் பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது. ஏன்? தண்ணீர் பட்டால் கோதுமை மாவில் பசை உண்டாகும், சப்பாத்திபோல் இழுபடும். நெய் மாவின் துகள்களைச் சுற்றிப் போர்த்துவிட்டால் பசை பிடிக்காது; அதனால்தான் பிஸ்கட் வாயில் உதிர்கிறது. சிறு உருண்டைகளாக்கி, 160 பாகை சூட்டில் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை வைக்கலாம். அடிப்பக்கம் இலேசாகச் சிவந்தால் போதும். சூட்டோடு தொட்டால் உடையும், ஆறினால் இறுகும்.

மலைமேல் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீரே 95 பாகையில் கொதித்துவிடும். சோடா உப்பில் உண்டாகும் வாயுவும் சமவெளியைவிட அதிகமாக உப்பும். கோலாலம்பூர்ப் புத்தகத்தில் போட்ட அளவை அப்படியே போட்டால் கேக் பொங்கி நடுவில் அமுங்கிவிடலாம். சோடாவைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நலம். பிஸ்கட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதுவும் மலையில் பிஸ்கட் நிலைத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்று கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்து, தேநீரும், ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ஸ்கோனும் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். மலையின் பெருமைகளில் ஒன்றாக அது விளம்பரம் ஆகியிருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மலையின் பண்டம் ஸ்கோன் ஒன்றுதானா? லயத்துப் பெண்கள் மணல் சட்டியில் சுட்ட நெய் பிஸ்கட்டும், கடலைப் பிஸ்கட்டும் அந்த மலையின் சரித்திரம் இல்லையா? அவற்றுக்கு விளம்பரப் பலகை இல்லை. பெயர் சொல்ல ஆளும் குறைந்து வருகிறது.

ஏனென்றால் மலை மாறிவிட்டது. கொழுந்து பறிக்கும் வேலையில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. இன்று தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அது நல்லதே. அதற்காகத்தான் தாய்மார் குனிந்து நிமிர்ந்தார்கள். ஆனால் இறங்கியவர்கள் பாட்டியின் பதத்தைக் கையோடு கொண்டுபோனார்களா?

பாட்டி கிராம் கணக்குச் சொல்லமாட்டார். கெட்டிப்பால் டின்னால் மூன்று டின் மாவு, ஒரு டின் நெய், கை பார்த்துச் சீனி என்பார். காகிதம் பழுப்பாகிற நேரம் என்பார். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அளந்த மாவை மறுபடி தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பண்டத்தை யாரிடம் கற்றீர்கள், எந்தத் தோட்டத்தில் கற்றீர்கள், முதன்முதலில் எந்தத் தீபாவளிக்குச் சுட்டீர்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். உருளையையும் கழுதையையும் எழுதிவைத்த சரித்திரம் விட்டுவிட்ட பக்கத்தை நிரப்பக்கூடியவர் அவர் ஒருவரே.

வீட்டில் சுட்டு விற்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மாவு, நெய், சீனி, எரிவாயு, டின் ஆகியவற்றின் விலையைக் கூட்டுகிறீர்கள். உங்கள் உழைப்பின் விலையைக் கூட்ட மறந்துவிடுகிறீர்கள். கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கிய பரம்பரை நாம். நம் கைவேலையை நாமே நிறுக்காமல் விடலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் பெரிய இனங்களுள் நீரிழிவு நோய் நம்மவரிடையேதான் அதிகம் என்று சுகாதார ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு காலத்தில் சீனி நமக்குக் கிடைக்கவில்லை. இன்று அளவுக்கு மீறிக் கிடைக்கிறது. ஆகவே பிஸ்கட்டைச் சிறிதாக உருட்டுங்கள். சீனியைக் கொஞ்சம் குறைத்தால் பண்டம் கெட்டுவிடாது. தேநீருக்கு இரண்டு போதும். டின்னை மூடி, மிச்சத்தை அண்டை வீட்டுத் தட்டில் வையுங்கள். பண்டம் போய்வருவதற்குத்தானே இருக்கிறது!

கடலில் பசிக்காகப் பிறந்து, சீமாட்டியின் மேசையில் அலங்காரமாகி, நோயாளியின் தலைமாட்டில் மருந்தாகி, கடைசியில் நம் லயத்தில் பண்டிகையான பண்டம் இது. அடுத்த முறை பலகார டின்னைத் திறக்கும்போது, பனியில் நனைந்த கூடையோடு செடிகளுக்கு நடுவே நின்று தேத்தண்ணீர் குடித்த அந்தப் பெண்ணை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்தக் கதையைச் சொல்லி, ஆளுக்கு இரண்டு கொடுங்கள்.